மலையில் நீர்க்கடுப்பு: கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி வட்டாரத்தில் பொது மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். சிறுநீர்த் தொற்று பற்றித் தோட்டங்களிலிருந்தும் படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் ஊட்டி, குன்னூர் பக்கமிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

கொழுந்து பறிக்கும் தொழிலாளி, 38 வயது: டாக்டரம்மா, நீர்க்கடுப்பு வந்தால் உடம்புச் சூடு என்கிறார்கள். ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிற இந்த ஊரில் எனக்கு வருடத்துக்கு நான்கு முறை வருகிறது. சூடு எங்கிருந்து வரும்?

உங்கள் சந்தேகம் நியாயமானது அம்மா. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி, கிருமியே இல்லாவிட்டாலும் லேசாக எரியும். இரண்டு சொம்பு தண்ணீரில் அது அடங்கிவிடும். அந்த அளவுக்குத்தான் ‘சூடு’ என்ற பேச்சில் உண்மை உண்டு. ஆனால் எரிச்சலோடு, சற்று முன்புதான் போய் வந்தும் மறுபடி அவசரமாக வருவது, சொட்டுச் சொட்டாகப் போவது, அடிவயிறு கனத்து வலிப்பது, நீர் கலங்கியோ ரத்தம் கலந்தோ வருவது ஆகியவை சேர்ந்தால் அது தொற்று. பெரும்பாலும் நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமிதான் இதற்குக் காரணம். பெண்களின் சிறுநீர்த் தாரை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளதால், ஆசனவாய்ப் பக்கமிருந்து அது சிறுநீர்ப்பையை எளிதில் எட்டிவிடுகிறது. ஒவ்வொரு முறை நீர் கழிக்கும்போதும் ஏறி வந்த கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. மணிக்கணக்கில் அடக்கி வைத்தால் அவை அங்கேயே தங்கிப் பெருகுகின்றன.

சில மாதங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு தொழிலாளியிடம், ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக் குடியிருப்பான லயன் வீட்டில் நிரப்பியது. மாலை ஐந்து மணிக்கும் கழுத்தளவு தண்ணீர் அப்படியே நின்றது. குடித்தால் போக வேண்டும், போவதற்குப் புதர்தான், புதருக்குள் கரடியோ காட்டெருமையோ நிற்கும், எடை போடும் நேரத்துக்குள் கொழுந்தும் சேர வேண்டும் என்றார். குளிரில் தாகமும் தெரிவதில்லை என்பதால், குடிக்காமல் இருப்பது இங்கே எளிதாகிவிடுகிறது. அவருக்கு நான் எழுதிக் கொடுத்த மாத்திரை அந்த முறை வந்த தொற்றைத்தான் தீர்க்கும். அடுத்ததை அந்த பாட்டில்தான் தீர்மானிக்கும்.

இதற்குச் சான்றும் உண்டு. அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் ஒரு பாதியினரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தினமும் குடிக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. ஓராண்டில் மற்றப் பாதியினருக்குச் சராசரியாக 3.2 முறை வந்த தொற்று, இவர்களுக்கு 1.7 முறையே வந்தது. வெந்நீராகக் குடித்தாலும் பலன் ஒன்றுதான். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நீர் கழியுங்கள். அதற்கு இடம் வேண்டுமே என்றால், கேட்டுப் பெறுங்கள் என்றுதான் சொல்வேன். வேலையாட்களுக்குக் குடிநீரும், அவர்கள் எளிதில் போய்வரக்கூடிய கழிப்பறையும் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ வந்தால் அதை அடிக்கடி வரும் தொற்றாகக் கணக்கிடுகிறோம். உங்களுக்கு அந்தக் கணக்கு தாண்டிவிட்டதால், சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள்.

கல்லூரி மாணவி, ஊட்டி: மருந்துக் கடையில் சொல்லி நான்கு மாத்திரை வாங்கினேன். இரண்டிலேயே எரிச்சல் நின்றதால் மீதியை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன். சரிதானே?

சரியல்ல. எரிச்சல் நின்றதும் கிருமி ஒழிந்துவிட்டது என்று பொருளல்ல. அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது மருத்துவரின் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம். நம் நாட்டு மருத்துவமனைகளில் சோதிக்கப்படும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு இப்போது அடங்குவதில்லை. அதைக் கண்டதற்கெல்லாம் விழுங்கியதும் அதற்கு ஒரு காரணம். சிறுநீர்ப்பையோடு நிற்கும் எளிய தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை என்று சுருக்கமான சிகிச்சைகள் உள்ளன. முதலாவதை உணவோடு சாப்பிட வேண்டும். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது என்பதால், எது யாருக்கு என்பதைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்யட்டும். வைத்திருக்கும் இரண்டு மாத்திரைகளைத் தயவுசெய்து தோழிக்கும் கொடுக்காதீர்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்: கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுத்தால் ‘கலப்படம், மறுபடி கொடுங்கள்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கள் ஹட்டியிலிருந்து பஸ் வருவதே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான்.

கையையும் உறுப்பையும் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும், உள்பக்கம் விரல் படாமல் பரிசோதனைக்கூடத்து டப்பாவில் பிடிக்க வேண்டும். கழுவிய ஜாம் பாட்டில் கூடாது. பிடித்த நீர் 2 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கூடம் சேர வேண்டும்; முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். மலைக்குளிர் போதும் என்று சன்னலோரம் வைத்தால் போதாது, கிருமி பெருகி முடிவு தவறாகும். பஸ் ஏறிப் போய் அங்கேயே கொடுப்பது எல்லாவற்றிலும் நல்லது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பிணி, குன்னூர்: எனக்கு எரிச்சல் எதுவும் இல்லை. ஆனால் பரிசோதனையில் கிருமி இருப்பதாகச் சொல்லி மாத்திரை தருகிறார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேண்டுமா?

வேண்டும் அம்மா. மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாத கிருமியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவோம். கர்ப்பிணிக்கு மட்டும் விடமாட்டோம். விட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறிக் காய்ச்சலையும் குறைப்பிரசவத்தையும் உண்டாக்கக்கூடும். கர்ப்ப காலத்துக்கு ஏற்ற மருந்துகள் உள்ளன. எந்த மாதம் என்பதைப் பொறுத்து அவை மாறும் என்பதால் பழைய சீட்டைக் காட்டி வாங்க வேண்டாம். முடித்த பின் கல்ச்சரை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

கேரட் விவசாயி, 64 வயது, கேத்தி: ஆண்களுக்கும் வருமா?

வரும் ஐயா. உங்கள் வயதில் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, நீர் மெலிதாக வந்து, நீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குவதே முக்கியக் காரணம். ஆண்களுக்கு வரும் தொற்றை எளியதென்று விட்டுவிடாமல், கல்ச்சரும் ஸ்கேனும் பார்த்தே மருந்து கொடுப்போம்.

சர்க்கரை நோயாளி, 57 வயது: மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எரிச்சலும் அரிப்பும் மாறி மாறி வருகின்றன.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியுறுப்பில் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. ஆன்டிபயாடிக் அதைக் கூட்டிவிடும். டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுவதால் பூஞ்சை எளிதில் பற்றும். நீங்கள் அதைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றபின் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கு, பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நன்றாகவே உதவுகிறது. கூச்சத்தால் பலர் கேட்பதே இல்லை.

ஏழு வயதுப் பெண் குழந்தையின் தாய்: பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுகிறாள். இரண்டு முறை தொற்று வந்துவிட்டது.

காலையிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள். பள்ளிக் கழிப்பறையை ஒருநாள் நீங்களே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று ஆசிரியரிடம் பேசுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரி செய்ய வேண்டும், தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள். இரண்டு முறை வந்துவிட்டதால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

குடும்பத்தலைவி, கோத்தகிரி: பார்லி தண்ணீரும் சீரகத் தண்ணீரும் போதாதா? எப்போது பயப்பட வேண்டும்?

தண்ணீர் என்ற அளவில் இரண்டும் நல்லவை; தாராளமாகக் குடியுங்கள், ஆனால் பிடித்துவிட்ட தொற்றை அவை ஒழிக்கும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் முதுகில் வலி, வாந்தி, நடுக்கம் ஆகியவை வந்தால் கிருமி சிறுநீரகத்தை எட்டிவிட்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ஏற்படும் தவறு ஒன்று உண்டு: ஜனவரி இரவில் உடம்பு தூக்கிப்போடுவதைப் பனியென்று எண்ணி, இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுக் காலை வரை இருந்துவிடுகிறார்கள். கம்பளிக்குள்ளும் பற்கள் அடித்துக்கொண்டால் தெர்மாமீட்டர் வையுங்கள். காய்ச்சல் இருந்தால், விடியட்டும் என்று பாராமல் 108ஐ அழையுங்கள்.