பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கியான மோசின்-நாகன்ட் ரைபிளில் துளை போடாமல் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்ட முடியுமா?

முடியும். துளை போடவே கூடாது என்பேன். ரிசீவரில், அதாவது குழலுக்குப் பின்னால் உள்ள உலோக உடலில், ஒரு முறை துளைத்துவிட்டால், ராணுவ முத்திரைகளோடு முழுசாக வந்த துப்பாக்கியின் மதிப்பை மீட்கவே முடியாது.

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்ளுங்கள். மோசினின் போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் உருளை) கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும்; போல்ட்டைத் திறக்கும்போது செங்குத்தாக நிமிரும். ரிசீவருக்கு மேல் தாழ்வாக ஸ்கோப் வைத்தால் கைப்பிடி அதில் இடிக்கும். ஐந்து தோட்டா கிளிப்பையும் மேலிருந்து செருக முடியாது. சோவியத் ஸ்னைப்பர் ரைபிளில் 3.5 மடங்கு பியூ ஸ்கோப்பை இடப்பக்க மவுண்ட்டில் (ஸ்கோப் தாங்கி) மாட்டி, வளைத்த நீளமான கைப்பிடி போட்டது இதனால்தான். அதிலும் தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்.

துளையில்லாத வழி ஸ்கவுட் மவுண்ட், அதாவது ஸ்கோப்பை ரிசீவருக்கு முன்னால் குழல்மேல் வைக்கும் தாங்கி. ரியர் சைட்டின் (பின்குறி) பட்டையைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மவுண்ட்டைப் பொருத்துவார்கள். கழற்றிய பட்டை, ஊசி, ஸ்பிரிங் மூன்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கண்ணிலிருந்து 23 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கும் ஸ்கோப்தான் இதற்கு வேண்டும். சாதாரண வேட்டை ஸ்கோப் 8–10 செ.மீ. தூரத்துக்கானது. அதை இங்கே மாட்டினால் நடுவில் காசளவு வெளிச்சமும் சுற்றிலும் கறுப்பும்தான் தெரியும்.

ரைபிள் காலியா என்று தோட்டா அறையைப் பார்த்த பிறகே கை வையுங்கள். சைட் அடிப்பாகத்தின் மூலைகளில் துருப்பிடிக்காமல் பூசிய பழைய காஸ்மோலின் கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். நான்கு சுடுதலில் மவுண்ட் ஆடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, கடைசியில் அசிட்டோனால் துடையுங்கள். திருகுகளுக்கு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டுப் போதும். சிவப்பு வேண்டாம், சூடுகாட்டாமல் கழலாது. ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளின் திருகுகளை மாற்றி மாற்றி, 15–18 அங்குல-பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி, குறியைத் திருத்தும் கிளிக் உள்ளே சரியாக நகராது.

இறுக்கும் முன் ஸ்கோப்பை அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் சாத்தி, பிறகு திறந்து பாருங்கள். வட்டம் முழுசாகத் தெரியும்வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தூரத்தில் தொங்கும் தூக்குக்குண்டுக் கயிற்றோடு ரெட்டிகிளின் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) செங்குத்துக் கோட்டைச் சேர்த்து நிமிர்த்துங்கள்.

அடுத்தது குழல் பார்த்தல். விசையை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டைப் பின்னால் இழுத்தால் கழன்று வந்துவிடும். மணல் மூட்டைமேல் ரைபிளை அசையாமல் வைத்து, குழல் வழியே 25 மீட்டரில் உள்ள இலக்கை நடுவில் கொண்டுவாருங்கள். ரைபிள் நகராமல் ரெட்டிகிளையும் அதே இடத்துக்குத் திருகுங்கள். இப்போது முதல் தோட்டாவே அட்டையில் படும். கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் 100 மீட்டரில் 7 மி.மீ. நகர்த்தும், 25 மீட்டரில் 2 மி.மீ.க்கும் குறைவு, அதனால் கிளிக் நாலு மடங்கு தேவைப்படும். ஸ்கோப் குழலுக்கு 5 செ.மீ. மேலே இருந்தால், 25-ல் குறிக்கு 2 செ.மீ. கீழே பட வையுங்கள். 100-ல் ஏறக்குறைய மையத்துக்கு வரும், மிச்சத்தை அங்கே திருத்திக்கொள்ளலாம்.

டரெட்டை (குறியைத் திருத்தும் குமிழ்) கடைசிவரை திருகியும் தோட்டா கீழேயே பட்டால் பின் ரிங்குக்கு அடியில் பித்தளைத் தகடு வையுங்கள். ரிங்குகளுக்கு இடையே 10 செ.மீ. இருந்தால், 0.1 மி.மீ. தகடு 100 மீட்டரில் 10 செ.மீ. உயர்த்தும்.

இந்த அமைப்புக்குக் குறைகளும் உண்டு. மவுண்ட் குழல்மேலேயே உட்கார்ந்திருப்பதால், தொடர்ந்து சுட்டால் வெப்ப அலை ஸ்கோப் முன்னால் நெளியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பின்கண்ணாடி பளபளத்துக் குறி மறையும். ரப்பர் மறைப்பு ஓரளவு உதவும்.

மௌசர் கே98 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் கைப்பிடியோடு, மேலே நிமிர்ந்து திரும்பும் சேஃப்டி கொடியும் தாழ்ந்த ஸ்கோப்பில் இடிக்கும். ரிசீவர்மேல் மாட்டுவதென்றால் பக்கவாட்டில் இயங்கும் சேஃப்டி முதலில் வாங்க வேண்டும்.