மாதம் 1,750 ரூபாய் கட்டி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டேப் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். பள்ளியில் நடந்த ஓர் இலவசத் தேர்வில் அவள் பின்தங்கியிருப்பதாகத் தெரிந்தது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். டேப்பும் மூன்று வருடப் பாடங்களும் சேர்த்து 42,000 ரூபாய். 24 மாதம் 1,750 வீதம் கட்டினால் போதும், வட்டி கிடையாது என்கிறார். என் கணவரின் ஆதார், பான் கார்டு போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். ஓடிபி மட்டும் இன்னும் சொல்லவில்லை. பள்ளியிலும் ஸ்மார்ட் கிளாஸுக்கு என்று தனியாக 6,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்காமல் விட்டால் இவள் இன்னும் பின்தங்கிவிடுவாளா?

பதில்: ஓடிபியைச் சொல்லாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வந்தவர் 'மாதத் தவணை' என்று சொல்வது உண்மையில் கடன். அதுவும் அந்தப் பாட நிறுவனம் தரும் கடன் இல்லை. நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனம் உங்கள் கணவர் பெயரில் தரும் கடன். இந்த மாதிரி விற்பனைகளில் ஓடிபி சொல்வதுதான் கையெழுத்து. ஒன்று கடன் பத்திரத்துக்கு, இன்னொன்று மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போவதற்கு. அதன்பின் பாட நிறுவனத்துக்குப் பணம் மொத்தமாகப் போய்விடும். உங்கள் மகள் இரண்டே மாதத்தில் டேப்பைத் தொடாமல் விட்டாலும், அது கீழே விழுந்து உடைந்தாலும், அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் தவணை நிற்காது. நிறுவனம் இல்லாமல் போகுமா என்று நினைக்காதீர்கள். இந்தத் துறையில் நாட்டிலேயே பெரிய பெயரான பைஜூஸ் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. 'வட்டி இல்லை' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். விலையிலேயே அதை ஏற்றி வைத்திருப்பார்கள்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே இதற்காகப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தெரியாமல் கடனில் மாட்டிக்கொள்ளாதீர்கள், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுக்காதீர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதை எத்தனை பள்ளிகள் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டின? எச்சரிக்கை இணையதளத்தில் கிடக்கிறது; விற்பனையாளர் வீட்டுக்கே வந்துவிடுகிறார்.

இன்றைக்கே அந்த ஆளுக்கு வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்புங்கள்: 'எங்களுக்கு இந்தப் பாடமும் வேண்டாம், கடனும் வேண்டாம். நாங்கள் அனுப்பிய ஆவணங்களை எதற்கும் பயன்படுத்த எங்களுக்குச் சம்மதம் இல்லை.' அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசிக் கரைக்கப் பார்ப்பார். மேலாளர் என்று இன்னொருவர் வருவார். 'இன்று இரவோடு சலுகை முடிகிறது' என்பார்கள். எடுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் கணவரின் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை அதை இலவசமாகத் தர வேண்டும். புதிதாகக் கடன் எதுவும் ஏறவில்லை என்றால் நிம்மதி.

ஓடிபி சொல்லிவிட்டு இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படி டிஜிட்டலாக வாங்கிய கடனிலிருந்து ஆரம்பத்தில் ஒரு குறுகிய காலத்துக்குள் அபராதமின்றி வெளியேறலாம். அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் கட்டினால் போதும்; கடன் விவரத் தாளில் முன்பே சொல்லியிருந்தால் மட்டும் செயலாக்கக் கட்டணத்தையும் பிடித்துக்கொள்ளலாம். எத்தனை நாள் அவகாசம் என்பது கடன் விவரத் தாளில் இருக்கும், உடனே பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த 'இலவசத் தேர்வு' பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் போன் நம்பர் அந்த ஆளுக்கு எப்படிக் கிடைத்தது? பள்ளி கொடுக்காமல் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. இங்கே வகுப்பறைக் கதவைத் திறந்து ஏஜென்ட்டை உள்ளே விடுகிறார்கள். விற்றால் கமிஷன் என்று வருகிற ஒருவர் வைக்கும் தேர்வில் 'இந்தக் குழந்தைக்கு எதுவும் தேவையில்லை' என்ற முடிவு வரவே வராது. அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

6,000 ரூபாய் விஷயம் சுருக்கமாக. தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் பள்ளிக்கான கட்டண ஆணையைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். கட்டினால் ரசீதில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்றே எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் ரசீது கேட்டதுமே பேச்சு மாறும். மாறவில்லை என்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417.

சரி, மகளுக்கு வருவோம். எட்டு வயதில் எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியிருந்து திறந்தபின், பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சோதிக்கும் அசர் ஆய்வு 2022-ல் நடந்தபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தவர்கள் 4.8 சதவீதம்தான். உங்கள் மகள் தனி ஆள் இல்லை.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வேண்டியது அது வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கும் ஆள். 'கெ', 'கே', 'கொ', 'கோ' என்று கொம்பும் துணைக்காலும் சேரும் இடத்தில்தான் நிறையப் பிள்ளைகள் திணறுவார்கள். திரையில் நான்கு விடை கொடுத்தால் சரியானது வரும்வரை தொட்டுக்கொண்டே போகலாம். நட்சத்திரமும் விழும், கைதட்டலும் கேட்கும். வாய்விட்டு வாசிக்கும்போது அந்தத் தப்பித்தல் கிடையாது. தினமும் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தவறினால் உடனே திருத்தாமல், அந்த வரியை முடிக்க விட்டுத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் இருக்கும். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். எந்த வகுப்பு என்று பார்க்காமல், அவள் நிலை எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

திரையே வேண்டாமா என்றால், வீட்டில் இருக்கும் போனே போதும். 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படத்தோடு தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாக இருக்கின்றன. கூகுளின் 'ரீட் அலாங்' செயலி பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும். அதிலும் தமிழ் உண்டு. பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். 5 முதல் 10 வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு 2 மணிக்குள் இருக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது, டிவியையும் சேர்த்து. என்னைக் கேட்டால் பாடத்துக்கு அரை மணி தாராளம்.

அரசுப் பள்ளியில் திரை நன்றாக நடக்கிறதே என்று கேட்பீர்கள். 20,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை திட்டமிட்டார்கள், ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கல்வித் துறையின் 'எமிஸ்' என்ற இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் பிள்ளை வாசிப்பதை யார் கேட்பது? திரை வைப்பதற்கு முன் ஆசிரியரைப் போடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிப் பார்த்தாயிற்று.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்வேன். சில பிள்ளைகளுக்கு இந்தக் கருவி ஆடம்பரம் இல்லை, மூக்குக்கண்ணாடி மாதிரி. பேச்சு வராத ஆட்டிசம் குழந்தைகளும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளும் படத்தைத் தொட்டுப் பேசுவதற்காகவே 'ஆவாஸ்' என்ற செயலி நம் சென்னையில் உருவானது. 'பசிக்கிறது', 'வலிக்கிறது' என்று அம்மாவிடம் முதன்முதலாகச் சொல்ல அது வழி செய்கிறது. பார்வை குறைந்த பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டவும், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டவும் டேப் உண்மையிலேயே உதவும். அப்படிப்பட்ட வீட்டில் யாராவது 'திரை கெடுதல்' என்று பிடுங்கினால் நான் சண்டைக்கே வருவேன். அங்கேயும் என்ன கருவி, எந்தச் செயலி என்பதைச் சிறப்பாசிரியர் சொல்ல வேண்டும், ஏஜென்ட் சொல்லக் கூடாது.

உங்கள் மகளுக்கு முதலில் கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தினமும் வாசித்தும் மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லை, எழுத்துகள் இடம் மாறுகின்றன, நேற்று படித்த சொல்லே இன்று புதிதாகத் தெரிகிறது என்றால் கல்வித் துறை நடத்தும் உங்கள் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைப் பாருங்கள். சென்னை வர முடிந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்திலும் காட்டலாம். போகும்போது அவள் எழுதிய பழைய நோட்டுகளை எடுத்துப் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.