பாலத்தை இடித்தால் வரிசை குறையுமா?

கேள்வி: ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924-இல் மாட்டுவண்டிக்காகக் கட்டியது. ஜப்பான்காரன் குண்டு வைத்து உடைத்தபோதே அதைக் கைகழுவியிருந்தால், இன்று அகலமான பாலம் வந்திருக்கும். நாங்களும் மணிக்கணக்கில் பேருந்தில் வெந்துகொண்டிருக்க மாட்டோம். இப்போதாவது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?
(வாசகர், ஸ்கூடாய்)

பதில்: முதலில் அது மாட்டுவண்டிக்காகக் கட்டியதல்ல, ரயிலுக்காக. ஜொகூர் ரயில் பாதை 1909-இல் முடிந்ததும், நீரிணையில் சரக்குப் பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். ரப்பர் ஏற்றுமதி பெருகப் பெருக, படகுகள் இரவு பகல் ஓடியும் சரக்கு தேங்கியது. வரிசையில் காத்துக் கிடப்பது இந்த இடத்துக்குப் புதிதல்ல. அன்று காத்துக் கிடந்தது ரப்பர், இன்று நீங்கள்.

இரும்புப் பாலம் போடலாமா என்ற யோசனையும் வந்தது. பராமரிப்புக்குக் காலமெல்லாம் செலவு, இரும்பும் வெளியிலிருந்து வர வேண்டும். கருங்கல்லோ புலாவ் ஊபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்ட வெட்டக் கிடைத்தது. ஆகவே ஏறத்தாழ ஒன்றரை மில்லியன் கன கெஜம் கல்லைக் கடலில் கொட்டி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அணையாகவே கட்டிவிட்டார்கள். நீரிணையைக் குறுக்கே அடைத்தால் இருபுறமும் நீர்மட்டம் ஒத்துப்போகாது என்பதால், ஜொகூர் பக்கம் படகுகளுக்கு மதகுக் கதவுகளோடு ஒரு கால்வாயும், அதன் மேல் தூக்குப் பாலமும் வைத்தார்கள். 1923 செப்டம்பர் 17-இல் சரக்கு ரயில் ஓடியது. அக்டோபர் 1-இல் பயணிகள் ரயில். நீங்கள் சொல்லும் 1924 (ஜூன் 28) அதிகாரபூர்வத் திறப்பு விழா மட்டுமே. மேலே இரண்டு தண்டவாளம், பக்கத்தில் 26 அடிச் சாலை. சாலை அன்று இரண்டாம்பட்சம்தான்.

உடைத்ததும் ஜப்பான்காரன் இல்லை. 1942 ஜனவரி 31-இல், மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படைகள் கடைசி ஆளும் சிங்கப்பூருக்குள் வந்தபின் தாங்களே வெடி வைத்தன. சுமார் 70 அடி இடைவெளி விழுந்தது. ஜொகூரிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் அத்தோடு போயிற்று. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் படகுகளில் வந்து இறங்கினார்கள். இடைவெளியைச் சரிசெய்து தங்கள் வண்டிகளை ஓட்டியவர்களும் அவர்களே. போருக்குப் பின் படகுக் கால்வாய் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்தக் குழாயை மறந்துவிட்டு இடிப்பதைப் பற்றிப் பேசக்கூடாது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை ஜொகூர் ஆற்று நீரை எடுக்கலாம். ஒப்பந்தம் 2061 வரை உண்டு. குழாய்கள் வருவது இந்தக் கல் அணை வழியாகத்தான்.

உங்கள் மணிக்கணக்குக்கு வருவோம். கல்லின் மேல் பேருந்து ஓடும் தூரம் ஒரு கிலோமீட்டர். நெரிசலே இல்லாவிட்டால் சில நிமிடம். நேரத்தைத் தின்பது இரு கரையிலும் உள்ள எல்லைச் சோதனை முகப்புகள். சுங்கச் சோதனை பழையது. சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம் என்பதால் வந்தது. கடப்பிதழ்ச் சோதனை 1967-இல்தான் தொடங்கியது, 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்ததன் விளைவாக. ஒரே பயணத்தில் இரண்டு குடிநுழைவுச் சோதனை, பேருந்தை விட்டு இரண்டு முறை இறக்கம், இரண்டு முறை ஏற்றம். இறங்கிய பேருந்து உங்களுக்காக நிற்காது, அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் ஏற வேண்டும். பயணச்சீட்டை வீசிவிட்டால் மறுபடி காசுதான். கார்க்காரர்களுக்கு இன்னொன்று: சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டி வெளியேறும்போது எண்ணெய்த் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். 1989-இல் அரைத் தொட்டியாக ஆரம்பித்து 1991-இல் முக்காலானது. முள் கீழே இருந்தால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், வண்டியும் திரும்ப வேண்டும்.

ஆகவே முகப்புகளைத் தொடாமல் சாலையை மட்டும் அகலப்படுத்தினால், நீங்கள் ஆறு தடத்தில் நிற்பதற்குப் பதில் பன்னிரண்டு தடத்தில் நிற்பீர்கள். மலேசியா தன் பாதியை மட்டும் இடித்து வளைந்த பாலம் கட்டும் திட்டத்தை 2006-இல் கைவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. அது கப்பலுக்கு வழிவிட்டிருக்கும், உங்களுக்கு அல்ல. 1998-இல் சிங்கப்பூரின் மேற்கே திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்பு நல்ல பாலம்தான். ஆனால் வேலைக்குப் போகும் கூட்டம் இந்த அணையின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கும்போது, அங்கே சுற்றிப் போக யாருக்குப் பொறுமை?

முகப்பை எங்கே வைப்பது என்பதுதான் வழக்கு என்பதற்கு ரயிலே சாட்சி. 1998-இல் சிங்கப்பூர் தன் ரயில் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது; மலேசியா, சிங்கப்பூர் நகருக்குள் ரயில் முடியும் தஞ்சோங் பகார் நிலையத்திலேயே இருந்துகொண்டது. விளைவு, சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே பயணி மலேசியாவுக்குள் "நுழைந்து" விடுவார்! இந்தக் கூத்து 2011 ஜூலை 1-இல், நிலையமே உட்லண்ட்ஸுக்கு வந்ததும்தான் முடிந்தது. இன்று உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் தெப்ராவ் ரயிலில் வடக்கே போகிறவர் இரண்டு சோதனையையும் உட்லண்ட்ஸிலேயே முடிக்கிறார். ஓட்டம் ஐந்தே நிமிடம். (கட்டணம் சிங்கப்பூரிலிருந்து ஐந்து சிங்கப்பூர் வெள்ளி, ஜொகூரிலிருந்து ஐந்து ரிங்கிட். அதே ரயில்தான்!)

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே வரும் புதிய எல்லை தாண்டும் ரயிலான ஆர்டிஎஸ்ஸில் இதே முறை இரு திசையிலும் இருக்கும்: புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடியும், இறங்கியதும் நடந்து போகலாம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றும் என்பது கணக்கு. 2026 இறுதிக்குள் ஓட்டுவது இலக்கு. லாரியும் மோட்டார் சைக்கிளும் அதில் ஏறா, அவை பழைய கல் மேலேயே நிற்கும். நீங்கள் பேருந்துப் பயணி என்பதால், இடிப்பதற்கு மனு எழுதும் நேரத்தில் உங்கள் வீட்டிலிருந்து புக்கிட் சாகாருக்கு நேர்ப் பேருந்து கேட்டு எழுதுங்கள்.