விளையாட்டு வீரர்கள் தினமும் எங்கே இருக்கிறோம் என்று ஊக்கமருந்து சோதனைக்காகச் சொல்லியே ஆக வேண்டுமா? இது தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாதா?

எல்லா வீரர்களும் சொல்ல வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் பெயர் வந்தவர்களுக்குத்தான் இந்தக் கடமை. பட்டியலில் சேர்த்தால் எழுத்து மூலமாகத் தெரிவிப்பார்கள். மாவட்டப் போட்டியில் ஓடும் பிள்ளைகள் இதற்காகப் பயப்பட வேண்டாம்.

என் தம்பி அந்தப் பட்டியலில் இருக்கிறான், ஓட்டக்காரன். எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டைப் பக்கம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வரும் மூன்று மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரவு எங்கே தங்குவான், எங்கே பயிற்சி, எந்தப் போட்டி என்று இணையத்தில் பதிய வேண்டும். அதோடு காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள் தினமும் ஒரு 60 நிமிடத்தைக் குறித்து, அந்த நேரத்தில் சொன்ன இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். திட்டம் மாறினால் அந்த நேரம் தொடங்குவதற்குள் ஆப்பில் திருத்திக்கொள்ளலாம். சோதனைக்கு வந்து ஆள் இல்லாவிட்டாலும் தவறு, விவரத்தைப் பதியாமல் விட்டாலும் தவறு. 12 மாதத்தில் இப்படி மூன்று சேர்ந்தால், மருந்தே தொடாதவராக இருந்தாலும் 2 ஆண்டு வரை தடை. 2019-இல் 100 மீட்டர் உலக சாம்பியனான அமெரிக்க வீரர் கிறிஸ்டியன் கோல்மன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட முடியாமல் போனது இதனால்தான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. தீபாவளி லீவுக்கு முகாமிலிருந்து வந்திருந்தான். காலை 5.30 முதல் 6.30 வரை வீட்டில் இருப்பதாகப் பதிந்திருந்தான். ராகி கதிர் பிடிக்கும் காலம் என்றால் எங்கள் பக்கம் யானை இறங்கும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால், அன்று ராத்திரி தம்பி டார்ச்சும் பட்டாசுமாக வயலில் இருக்கும் காவல் பரணுக்குப் போய்விட்டான். விடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தவன், யானைச் சத்தம் கேட்டதால் இறங்கவில்லை. அங்கே போனில் சிக்னலும் கிடையாது.

சரியாக 5.35-க்கு ஊக்கமருந்து சோதனை அதிகாரி வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா, "அவன் கொல்லைக் காவலுக்குப் போயிருக்கான், உக்காருங்க, வந்துடுவான்" என்று சொல்லிக் காபி போடப் போய்விட்டார். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்பது அம்மாவுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லி வைக்கவும் இல்லை. அதிகாரி திண்ணையில் 6.30 வரை காத்திருந்தார். தம்பி வந்தபோது மணி 6.50, கால் முழுக்கச் சேறு. விளக்கம் எழுதி அனுப்பினோம், ஏற்கவில்லை. கணக்கில் ஒன்று ஏறிவிட்டது.

அன்று அம்மா அழுததை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் இந்த விதி வேண்டும் என்றுதான் சொல்வேன். சில மருந்துகளின் தடயம் ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். போட்டி அன்று மட்டும் சோதித்தால் ஏமாற்றுகிறவன் தப்பித்துக்கொள்வான், பச்சைத் தண்ணீர் குடித்து ஓடுகிற என் தம்பி நாலாவதாக வருவான். அவனுடைய நேர்மைக்குச் சாட்சி அந்த அதிகாரி கொண்டுபோகும் சிறுநீர்க் குப்பிதான். எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. வீரனுக்கு வகுப்பு எடுக்கிறார்கள், கதவைத் திறக்கும் அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரவர் மொழியில் வீட்டாருக்கும் ஒருமுறை உட்கார்ந்து விளக்கினால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

அதனால் உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் குறித்த நேரத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டுங்கள். போனைச் சைலண்டில் போட விடாதீர்கள். அதே சமயம் போனையே நம்பியும் இருக்காதீர்கள், கூப்பிட்டுத் தேட வேண்டிய கடமை அதிகாரிக்குக் கிடையாது. அப்புறம், முகவரியில் கோயில், தண்ணீர்த் தொட்டி என்று அடையாளம் சேர்த்து எழுதுங்கள். கிராமத்தில் கதவு எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

தம்பி ஊருக்கு வந்தால் இப்போது இரவு 7 முதல் 8 வரை என்று பதிகிறான். அந்த ஒரு மணி நேரம் அம்மா திண்ணை விளக்கை எரியவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். 8 அடித்த பிறகுதான் யாராக இருந்தாலும் பரணுக்குக் கிளம்பலாம்.