குக்கருக்குள் ஒரு காந்தம்

கேள்வி: எங்கள் ரைஸ் குக்கரின் சுவிட்ச், சாதம் வெந்ததும் 'டக்' என்று தானே எழும்பிவிடுகிறது. பழுது பார்த்தவர், "உள்ளே காந்தம் இருக்கும்மா, சூடானால் விட்டுவிடும்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் ஒரேயடியாக விடுவது ஏன்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் சொன்னது சரிதான். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரைச் சாதம் உறிஞ்சி முடித்ததும் சூடு ஏறும். சுமார் 103 டிகிரியில், அடியிலுள்ள ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் துண்டு காந்தத்தன்மையை இழக்கும். காந்தத்தைப் பிரித்திழுக்கும் ஸ்பிரிங் ஜெயிக்கும். அதுதான் அந்த 'டக்'.

நான் கல்லூரியில் பாடம் நடத்தியபோது, ஒரு நிக்கல் கம்பியை நூலில் கட்டிக் காந்தத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடுவேன். காந்தம் அதை இழுத்துப் பிடித்திருக்கும். கீழே சுடரைக் காட்டினால் 358 டிகிரி வாக்கில் கம்பி காந்தத்தை விட்டு ஊசலாடிப் போகும். ஆறியதும் திரும்ப வந்து ஒட்டும். மாணவர்கள் "இன்னொரு தடவை, சார்" என்பார்கள். எனக்கும் அலுத்ததே இல்லை.

காரணம் இதுதான். காந்தப் பொருளின் அணுக்கள் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். 1920-ல் இயற்பியலாளர் வில்ஹெல்ம் லென்ஸ் இதை மிகவும் எளிமையாக்கினார்: ஒவ்வொன்றும் மேலே பார்க்கும், இல்லையென்றால் கீழே பார்க்கும், பக்கத்தில் இருப்பவை பார்க்கும் திசையையே தானும் பார்க்க விரும்பும், சூடு அதைக் கலைக்கும். அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஈசிங் இதை ஒரே வரிசையில் நிற்கும் அணுக்களுக்குக் கணக்கிட்டார். காந்தமே வரவில்லை! வரிசையில் ஒரே ஓர் இடத்தில் பிணைப்பு அறுந்தால் போதும், அதற்கப்புறம் உள்ளவை எல்லாம் திரும்பிவிடலாம். முப்பரிமாணத்திலும் அப்படித்தான் என்று அவர் நினைத்தது தவறு.

இப்போது அணுக்கள் வரிசையாக இல்லாமல் ஒரு தளத்தில் பரவியிருக்கட்டும்; புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பத்துப் புள்ளிகள் மட்டும் திரும்ப வேண்டுமென்றால், சுற்றியுள்ள எல்லைக்கோடு முழுவதும் பிணைப்புகள் அறுபட வேண்டும். கூட்டம் பெரிதானால் கோடும் நீளும், ஆற்றல் செலவும் ஏறும். குறைந்த வெப்பத்தில் அதைத் தாங்க முடியாது. எனவே ஒற்றுமை நிலைக்கும். 1936-ல் இயற்பியலாளர் பையர்ல்ஸ் இப்படித்தான் வாதிட்டார். 1944-ல் லார்ஸ் ஆன்சாகர், வெளியிலிருந்து காந்தப்புலம் இல்லாத நிலைக்கு, இந்த இருபரிமாணக் கணக்கைத் துல்லியமாகத் தீர்த்தார். அதன் தொடர்ச்சியாகப் பின்னர் வந்த விடையில் உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது: காந்தத்தன்மை முதலில் மெதுவாகத்தான் குறைகிறது, காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை (மாறுநிலை) நெருங்கியதும் செங்குத்தாகச் சரிகிறது.

ஈசிங் யூதர். ஹிட்லர் ஆட்சியில் வேலை பறிபோய், லக்சம்பர்க்கில் தஞ்சம் புகுந்து, போருக்குப் பின் அமெரிக்காவில் பியோரியா நகரில் பேராசிரியரானார். இந்தக் கணக்கு 'ஈசிங் மாடல்' என்று தன் பெயரில் உலவுவதே 1949-ல்தான் அவருக்குத் தெரிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மேலே, கீழே என்பதற்குப் பதில் செம்பு, துத்தநாகம் என்று வையுங்கள். இரண்டும் சரிபாதி கலந்த பித்தளையில் அணுக்கள் ஒழுங்குபடுவது புரியும். அணு இருக்கிறது, இல்லை என்று வைத்தால் திரவம் ஆவியாவது. நரம்பணு விழித்திருக்கிறது, உறங்குகிறது என்று 1982-ல் ஜான் ஹாப்ஃபீல்ட் வைத்தார். பாதி அழிந்த படத்தைக் கொடுத்தால் முழுப் படத்தையும் நினைவுகூரும் வலைப்பின்னல் கிடைத்தது. 2024 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது அதற்காகத்தான்.

அப்புறம், குக்கரின் அடியில் நடுவே குமிழ் போல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதில் பருக்கை ஒட்டியிருந்தால் சூடு சரியாகப் போய்ச் சேராது, சாதம் அடிபிடிக்கும். ஈரம் போகத் துடைத்து வையுங்கள்.