பதில்: சுவிட்ச் 2-ல் பழைய மெமரி கார்டு ஏற்கவில்லை

வணக்கம் தம்பி. சிங்கப்பூர் சிம் லிம் கடைத்தொகுதியில் வாங்கிய பழைய மெமரி கார்டில், நின்டெண்டோவின் சுவிட்ச் 2 விளையாட்டுக் கருவிக்கான கேம் இறங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கார்டில் பழுதில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுவிட்ச் 2-ல் கேம் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புதுவகை கார்டுதான் வேண்டும். பழைய கார்டிலிருந்து படம், வீடியோ மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கருவியின் உள்ளேயே 256 ஜிபி இடம் இருக்கிறது, அவசரப்பட்டு வெள்ளியைச் செலவழிக்க வேண்டாம்.

அப்புறம், புதிதாக வரும் கேமை முன்பதிவு செய்யும்முன் பெட்டியின் முன்பக்கம் கீழே பாருங்கள். சாவிப் படம் போட்ட பட்டை இருந்தால் அது கேம்-கீ கார்டு. உள்ளே கேம் இருக்காது, முழுவதையும் இணையத்தில் இறக்க வேண்டும். எனக்கு இது பிடிக்கவே இல்லை. இடம் மிச்சமாக வேண்டுமென்றால் சைபர்பங்க் 2077 வாங்குங்கள். முழு கேமும் 64 ஜிபி கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது.