செவ்வியல் கிட்டார் என்றதும் செகோவியாவின் பெயர் ஏன் வருகிறது?

செவ்வியல் கிட்டார் என்பது, கம்பிகளை ‘பிக்’ எனும் சிறு மீட்டுதகடு இல்லாமல் விரல்களாலேயே மீட்டி, மெட்டையும் துணைச் சுரங்களையும் ஒருவரே ஒருசேர வாசிக்கும் கலையாகும். ஒரு கையால் தூளியை ஆட்டியபடியே மறுகையால் கீரை ஆய்வதைப் போல, கட்டைவிரல் கீழ்ச்சுரங்களைப் பார்த்துக்கொள்ள மற்ற விரல்கள் மெட்டை நடத்தும்.

1893இல் ஸ்பெயினின் லினாரெஸில் பிறந்து, பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்ட ஆந்த்ரேஸ் செகோவியா, மெல்லிய ஒலியால் சிறு கூடங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட இக்கருவியைப் பேரரங்குகளுக்குக் கொண்டுசென்றார். விரல்சதை கம்பியைத் தொட, நகம் அதை விடுவிக்கும் அவரது மீட்டல் கனமும் தெளிவும் தந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், விலங்குக் குடலால் செய்யப்பட்டு எளிதில் அறுந்த கம்பிகளை விட்டு, ஆல்பர்ட் அகஸ்டின் உருவாக்கிய நைலான் கம்பிகளுக்கு மாறினார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் வயலினுக்கு எழுதிய ‘சக்கோன்’ என்ற படைப்பை 1935இல் பாரிஸில் கிட்டாரில் வாசித்ததே, என் பார்வையில், அவரது துணிச்சலின் உச்சம்.

இக்கலையைத் தொடங்கியவரே அவர் என்று பலர் எண்ணினாலும், ஸ்பானிய கிட்டார் கலைஞர்களான சோரும் தாரெகாவும் அவருக்கு முன்பே கிட்டாருக்கு இசை இயற்றியிருந்தனர்.